கட்டியமைத்த நிலக்காட்சித் திட்டத்துக்கு மீள்பார்வை உரை எழுதுவது எப்படி: ஒளிப்பட மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒளிப்படம் படிக்கும் மாணவர்கள் பலருக்கும் இந்தத் திட்டம் ஏதோ ஒரு பருவத்தில் வந்துசேரும். உள்ளபடி எங்கும் கிடைக்காத ஒரு நிலக்காட்சியை நீங்களே கட்டியமைத்துப் படமெடுத்து, அந்த வேலையைப் பற்றிய மீள்பார்வை உரையையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். படங்களுக்கு நான் பல வாரங்கள் உழைத்தேன். உரையைக் கடைசி இரண்டு இரவுகளில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அது திருப்பி அனுப்பப்பட்டது. நான் எழுதியிருந்தவை எல்லாம் படங்களிலேயே தெரிந்தன; நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு உரையில் ஓர் இடத்திலும் விடை இல்லை. மறுபடி எழுத உட்கார்ந்தபோதோ, காரணங்கள் பாதி மறந்துவிட்டிருந்தன. அவற்றுக்குச் சான்றாக நின்றிருக்க வேண்டிய தோல்விப் படங்களை நானே அழித்துவிட்டிருந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே, வேலையைத் தொடங்கும் நாளிலிருந்து ஒப்படைக்கும் நாள் வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. எதைக் கட்டுகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள்

"கட்டியமைத்த நிலக்காட்சி" என்னும் சொற்றொடருக்குள் வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. உங்களுடையது எது என்று முடிவு செய்யாமல் தொடங்கினால் உரை முழுவதும் தடுமாறும்.

முதல் வகை, மாதிரி ஒன்றைச் செய்து படமெடுப்பது. ஜேம்ஸ் கேஸ்பியர் மேசைமேல் அடங்கும் மாதிரிகளைச் செய்து படமெடுக்கிறார். தாமஸ் டெமாண்ட் காகிதத்தாலும் அட்டையாலும் உண்மை அளவிலேயே காட்சிகளைக் கட்டிப் படமெடுத்தபின் அவற்றைக் கலைத்துவிடுகிறார். இரண்டாம் வகை, படச்சுருளின் நெகட்டிவையோ அச்சிட்ட படத்தையோ வெட்டி ஒட்டுவது. டாஃப்னா டால்மோர் வெவ்வேறு இடங்களில் எடுத்த வண்ண நெகட்டிவ்களை வெட்டி இணைத்து உருவாக்கும் படங்களில் வெட்டின் விளிம்பு வெளிப்படையாகவே தெரியும். மூன்றாம் வகை, பல படங்களைக் கணினியில் ஒரே காட்சியாகப் பொருத்துவது. பெயாட்டே கூட்சோ அப்படிப் பொருத்திய நிலக்காட்சிகள் பழைய நிலக்காட்சி ஓவியங்களின் அமைப்பைப் பின்பற்றுகின்றன. காற்றில் தாள்கள் பறக்கும் வெட்டவெளிக் காட்சி ஒன்றை ஜெஃப் வால் 1993-இல் முடித்தார். அந்த ஒரு காட்சிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன.

நான்காம் வகை ஒன்றும் உண்டு. மாணவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். மனிதர் ஏற்கெனவே மாற்றியமைத்த உண்மையான நிலத்தை, அதாவது குடியிருப்பு வரிசைகள், தொழிற்பேட்டைகள், வாகன நிறுத்தங்கள் போன்றவற்றை, உள்ளபடியே படமெடுப்பது அது. 1975-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லத்தில் நடந்த "நியூ டோபோகிராபிக்ஸ்" கண்காட்சி இந்தப் பார்வைக்கு அடையாளமாகிவிட்டது. அங்கே நிலத்தைக் கட்டியவர் வேறொருவர்; ஒளிப்படக் கலைஞர் அதைப் பார்ப்பவர். முதல் மூன்று வகைகளில் கட்டுபவரும் நீங்கள், பார்ப்பவரும் நீங்கள். நான் மேசைமேல் மாதிரி செய்துவிட்டு, உரையில் 1975 கண்காட்சியையே முன்னோடியாக எழுதி வைத்திருந்தேன். இரண்டுக்கும் உள்ள தொடர்பை என்னால் விளக்க முடியவில்லை.

ஆகவே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கட்டும்: "நான் இன்ன பொருளால், இன்ன முறையில், இன்ன இடம்போல் தோன்றும் ஒன்றைக் கட்டுகிறேன், அது கட்டப்பட்டது என்பது பார்ப்பவருக்கு இந்த அளவுக்குத் தெரிய வேண்டும்." வாக்கியத்தின் பிற்பகுதியே முக்கியமானது. முழுக்க ஏமாற்றப் போகிறீர்களா, பாதியில் காட்டிக்கொடுக்கப் போகிறீர்களா, தொடக்கத்திலிருந்தே வெளிப்படையாக வைக்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் சரியா தவறா என்று சொல்ல முடியும். வேலையின் நடுவில் இந்த வாக்கியம் மாறலாம். மாறினால் பழையதை அடிக்காமல், தேதியிட்டுக் கீழே புதியதை எழுதுங்கள். அந்த மாற்றமே உரைக்கு ஒரு பத்தி தரும்.

2. முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டிய ஆவணங்கள்

மீள்பார்வை உரையின் தரம் உங்களிடம் உள்ள சான்றுகளின் தரத்தைத் தாண்டாது.

தேதியிட்ட குறிப்பேடு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு நாளும் மூன்று வரிகள் போதும்: எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், மாற்றியபின் என்ன ஆயிற்று. அழகாக எழுத வேண்டியதில்லை. அன்றே எழுதுவதுதான் முக்கியம், ஏனெனில் ஒரு வாரம் கழித்து எழுதினால் நடந்ததற்கு ஏற்பக் காரணங்களை நம்மை அறியாமலே திருத்திவிடுவோம்.

அடுத்து, கட்டுமானத்தின் படங்கள். ஒவ்வொரு முறையும் முக்கியமான படத்தை எடுத்து முடித்ததும், கேமராவைத் தொடாமல், கைபேசியால் அறை முழுவதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். விளக்கு எங்கே இருந்தது, கேமரா எந்த உயரத்தில் இருந்தது, பின்னணித் தாள் எதில் மாட்டியிருந்தது என்பதெல்லாம் அந்த ஒரு படத்தில் இருக்கும். அதனருகே ஒளியமைப்பை மேலிருந்து பார்ப்பதுபோல் கோட்டுப்படமாக வரைந்து, தூரங்களை எண்ணால் குறியுங்கள்.

மூன்றாவது, காண்டாக்ட் ஷீட், அதாவது எடுத்த படங்களைச் சிறிதாக வரிசைப்படுத்திக் காட்டும் தாள். தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் வைத்து இதைத் தயாரிப்பது பெரிய தவறு. ஒதுக்கியவை உட்பட எல்லாவற்றையும் எடுத்த வரிசையிலேயே வைத்து, ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் கொடுங்கள். பிறகு உரையில் "தாள் 3, படம் 14" என்று சுட்டிக்காட்டலாம். என் இரண்டாவது உரையைக் காப்பாற்றியது, நினைவட்டையில் அழிக்க மறந்துபோன ஒரு தொகுதிப் படங்கள்தான்.

நான்காவது, கோப்புகளின் படிநிலைகள். கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பான ரா கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். திருத்திய கோப்பை ஒவ்வொரு கட்டத்திலும் வேறு பெயரில், தேதியும் பதிப்பெண்ணும் சேர்த்துச் சேமியுங்கள். கணினியில் பொருத்தும் வேலையாக இருந்தால் அடுக்குகளை ஒன்றாக்காமல் ஒரு பதிப்பு இருக்க வேண்டும். துளையளவு, வேகம், நேரம் போன்றவை படக்கோப்பின் எக்ஸிஃப் தரவில் தாமாகவே பதிவாகும். ஆனால் சில மென்பொருள்கள் ஏற்றுமதியின்போது அதை நீக்கிவிடும், செய்திச் செயலிகள் வழியே அனுப்பினாலும் பெரும்பாலும் அது போய்விடும், படமும் சுருங்கிவிடும். நண்பருக்கு அனுப்பிய பிரதியையே பிற்பாடு மூலமாக எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது, அனுமதிகளும் மூலங்களும். தனியார் நிலத்தில் படமெடுத்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறர் எடுத்த படம், வரைபடம், செயற்கைக்கோள் படம் எதையாவது வெட்டிச் சேர்த்தால், எங்கிருந்து, எந்த நாளில், என்ன உரிமத்தின்கீழ் எடுத்தீர்கள் என்பதை அன்றே எழுதுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ள எல்லாப் படங்களையும் வெட்டி ஒட்டலாம் என்று நினைப்பது பரவலான தவறு. படைத்தவர் பெயரைச் சொன்னால் போதும் என்னும் வகையும் உண்டு. மாற்றியமைத்த வடிவத்தைப் பகிரவே கூடாது என்னும் வகையும் உண்டு. இரண்டாம் வகைப் படத்தை ஒட்டுப்படத்தில் சேர்த்தால் அதைக் காட்சிக்கு வைக்க முடியாமல் போகும். செயற்கை நுண்ணறிவுக் கருவியால் ஒரு மேகத்தை மட்டும் உருவாக்கிச் சேர்த்திருந்தாலும், பாடநெறி விதி அதை அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு, எந்தக் கருவி, என்ன கட்டளை, படத்தின் எந்தப் பகுதி என்று குறித்து வையுங்கள்.

3. அளக்கக்கூடியதை அளந்து எழுதுங்கள்

"படம் உண்மைபோல் தெரியவில்லை" என்று உரையில் எழுதினால் அது வெறும் வருத்தம். எதனால் தெரியவில்லை என்பதை அளவோடு எழுதினால் அதுவே ஆய்வு. மாதிரி செய்பவர்கள் மூன்றை அளந்தால் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

ஒன்று, கேமராவின் உயரம். 1:50 அளவில் மாதிரி செய்திருந்தால், நின்று பார்க்கும் மனிதரின் கண்மட்டமான 1.6 மீட்டர் அங்கே வெறும் 3.2 செ.மீ. ஆகிவிடும். லென்ஸின் மையம் அதற்கு மேலே போகப் போகக் காட்சி, பறந்துகொண்டே பார்ப்பதுபோல் மாறும். என் முதல் படங்கள் பொம்மைபோல் தெரிந்ததற்குப் பொருள்களின் செய்நேர்த்தி காரணம் என்று எண்ணி இரண்டு வாரம் மலைகளையே மீண்டும் மீண்டும் செய்தேன். கேமரா 20 செ.மீ. உயரத்தில் இருந்தது. அந்த அளவில் அது பத்து மீட்டர்.

இரண்டு, விளக்கின் தூரம். சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் நிழல்கள் இணையாக விழுகின்றன, வெளிச்சமும் நிலம் முழுவதும் சமமாக இருக்கிறது. மேசைவிளக்கை 60 செ.மீ. அகலமுள்ள மாதிரியின் பக்கத்தில், அரை மீட்டர் தொலைவில் வைத்தால், அருகிலுள்ள விளிம்புக்கும் தொலைவிலுள்ள விளிம்புக்கும் இடையே வெளிச்சம் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேறுபடும். அதாவது இரண்டு ஸ்டாப்புக்கு மேல் (வெளிச்சம் இரு மடங்கானால் அது ஒரு ஸ்டாப்). அதே விளக்கை மூன்று மீட்டருக்கு நகர்த்தினால் வேறுபாடு அரை ஸ்டாப் அளவுக்குக் குறையும். ஒளி மங்குமே என்று அஞ்ச வேண்டாம். காட்சி அசையாதது, முக்காலியும் இரண்டு விநாடி டைமரும் இருந்தால் நீண்ட நேரம் திறந்து எடுக்கலாம்.

மூன்று, குவியத்தின் ஆழம். நெருங்கி எடுக்கும்போது கூர்மையாகத் தெரியும் பகுதி மிகவும் மெலிந்துவிடுகிறது. பார்ப்பவர் கண் அதைக் கண்டே "இது சிறிய பொருள்" என்று முடிவு செய்கிறது. துளையை எஃப் 22 வரை சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (விளிம்பு விளைவு) படம் முழுவதும் சற்று மென்மையாகும். எஃப் 8 அல்லது எஃப் 11-இல் வைத்து, குவியத்தை முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்குவது நல்ல வழி. எத்தனை படங்கள் என்பதைக் குறியுங்கள்.

கணினியில் பொருத்துபவர்கள் இதே கவனத்தைத் தொடுவானத்தின் உயரத்துக்கும், நிழலின் திசைக்கும், லென்ஸின் குவியத் தொலைவுக்கும் கொடுக்க வேண்டும். நெகட்டிவை வெட்டுபவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை: வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் முழுமையாக ஸ்கேன் செய்துவிடுங்கள். வெட்டியதற்குத் திரும்புதல் இல்லை. மேலும் 35 மி.மீ. சுருளில் ஒரு படத்தின் அளவு வெறும் 24×36 மி.மீ. என்பதால் கை சிறிது பிசகினாலும் படம் போய்விடும். அதைவிட அகலமான 120 வகைச் சுருள் வெட்டுவதற்கு எவ்வளவோ எளிது.

4. செலவு

செலவைப் பொருள், படச்சுருளும் ஸ்கேனும், அச்சு, சட்டகம் என நான்கு வரிகளாகப் பிரித்து முதல் வாரமே ஓர் அட்டவணை போடுங்கள். கட்டுமானப் பொருள்களுக்கே பணம் போகும் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறோம். என் அட்டவணையில் பாதிக்கு மேல் போனது அச்சுக்கும் சட்டகத்துக்கும்தான். அதிலும் கணிசமான பகுதி, திரையில் பார்த்த நிறம் தாளில் வராததால் மறுபடி அச்சிட்டதற்கு. கையிலுள்ள தொகையில் ஐந்தில் ஒரு பங்கை மறு அச்சுக்கென்று தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பெரிய அச்சுக்குக் கொடுக்கும் முன் படத்தின் கருமையான பகுதி, வெளிச்சமான பகுதி, தோல்நிறமோ மண்நிறமோ உள்ள பகுதி ஆகியவற்றை ஒரு சிறு தாளில் சோதித்துப் பாருங்கள். முக்காலி, விளக்கு, ஒளிமானி ஆகியவற்றை வாங்காதீர்கள். படிக்கும் இடத்தில் இரவல் கிடைக்கும். ஆனால் ஒப்படைக்கும் மாதத்தில் எல்லோரும் கேட்பார்கள் என்பதால் முன்பதிவு செய்யுங்கள்.

5. காலம்

பத்து வாரங்கள் இருந்தால் நான் இப்போது இப்படிப் பிரிப்பேன்: சோதனைக்கு இரண்டு, கட்டுவதற்கும் எடுப்பதற்கும் மூன்று, மறுபடி எடுப்பதற்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, உரைக்கு இரண்டு. மறுபடி எடுக்கும் வாரத்தை மட்டும் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். தேர்வு வாரத்தில் படங்களைச் சிறிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, நான்கைந்து நாள் பார்த்துக்கொண்டே இருங்கள். திரையில் பிடித்த படங்களில் சில அங்கே தாங்காது. அச்சு முடிந்தபின் உரையின் இறுதி வடிவத்தை எழுதுங்கள், ஏனெனில் தாளில் பார்க்கும் படம் திரையில் பார்த்த படம் அன்று.

6. உரையை எழுதுதல்

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத் தொடங்கினால் உரை நாட்குறிப்பாகிவிடும். குறிப்பேட்டைப் புரட்டி, படத்தின் தலையெழுத்தை மாற்றிய ஐந்து அல்லது ஆறு முடிவுகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பத்தி. பத்திக்குள் என்ன சிக்கல் இருந்தது, என்னென்ன வழிகள் இருந்தன, எதைத் தேர்ந்தீர்கள், ஏன், அதன் விளைவு எந்தப் படத்தில் தெரிகிறது என்பவை வர வேண்டும்.

என் முதல் உரையில் இருந்த வாக்கியம் இது: "மலைகளை அட்டையில் செய்து, பக்கவாட்டு ஒளியில் படமெடுத்தேன், படம் திருப்தியாக வந்தது." இரண்டாவது உரையில் அதே இடம் இப்படி மாறியது: "விளக்கு அரை மீட்டரில் இருந்தபோது மலைகளின் நிழல்கள் விசிறிபோல் விரிந்து, அது விளக்கொளி என்பதைக் காட்டிக்கொடுத்தன (தாள் 3, படம் 14). மூன்று மீட்டருக்கு நகர்த்தியபின் நிழல்கள் ஏறத்தாழ இணையாக விழுந்தன. ஆனால் அட்டையின் வெட்டு விளிம்பை நான் மறைக்கவில்லை. வெயில் உண்மைபோல் விழும் அதே இடத்தில் மலை பொய் என்பதும் தெரிய வேண்டும் என்று விரும்பினேன்." இரண்டாவது வாக்கியங்களில் அலங்காரம் எதுவும் கூடவில்லை. குறிப்பேடும் காண்டாக்ட் ஷீட்டும் இருந்ததால் எழுத முடிந்தவை அவை.

முடிவுகளை எப்படிப் பொறுக்குவது என்று தெரியாமல் திணறியபோது எனக்கு உதவியது நம் திணை மரபின் பிரிப்பு. அங்கே நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்தின் மரமும் பறவையும் நீரும் கருப்பொருள்; அங்கே நிகழும் மனித உணர்வு உரிப்பொருள். என் முதல் உரையை இந்த மூன்றுக்கும் மூன்று நிறங்களில் அடிக்கோடிட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய முழுவதும் கருப்பொருளாகவே இருந்தது: மரத்தை எதில் செய்தேன், ஆற்றை எதில் செய்தேன். அது எந்தப் பொழுது என்பதைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த இடம் என்ன உணர்வைத் தாங்க வேண்டும் என்பதைப் பற்றி ஒன்றுமே இல்லை. நிலத்தைக் கட்டியமைப்பவர் பொழுதையும் கட்டுகிறார், அங்கே நிற்பவரின் மனநிலையையும் கட்டுகிறார். அதைப் பற்றி எழுதாத உரை பாதி வேலையைப் பற்றித்தான் பேசுகிறது. உங்கள் வரைவையும் இப்படி அடிக்கோடிட்டுப் பாருங்கள்.

முன்னோடிகளைப் பற்றி எழுதும்போது வாழ்க்கை வரலாறு வேண்டாம். அவரிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட ஒரு செயல், நீங்கள் விலகிய ஓர் இடம், இவ்விரண்டும் போதும். ஐந்து பெயர்களைத் தூவுவதைவிட இரண்டு பேரின் படங்களை உங்கள் படத்தின் பக்கத்தில் வைத்துப் பேசுவது பயன் தரும்.

பிறர் பார்த்துச் சொன்னதையும் சேருங்கள். திட்டத்தைப் பற்றி எதுவும் அறியாத மூன்று பேரிடம் அச்சைக் காட்டி, "இது என்ன இடம்?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். எத்தனை நொடிகளில், எதைக் கண்டு, இது கட்டியது என்று கண்டுபிடித்தார்கள் என்பதை எழுதுங்கள். முதல் பக்கத்தில் நீங்கள் எழுதிய வாக்கியத்தோடு அது பொருந்துகிறதா என்பதே உங்கள் திட்டத்துக்கான நேரான சோதனை. பெயர்களை உரையில் குறிப்பிட வேண்டியதில்லை.

தோல்விகளை மறைக்காதீர்கள், ஆனால் மன்னிப்புக் கேட்கும் குரலிலும் எழுதாதீர்கள். "நேரம் போதவில்லை" என்னும் வாக்கியத்தால் எந்தப் பயனும் இல்லை. நேரம் எதில் போயிற்று, மீண்டும் செய்தால் எதை முன்னதாகச் சோதிப்பீர்கள் என்று எழுதினால் பயன் உண்டு.

7. அச்சும் ஒப்படைப்பும்

ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் தரத்தில் அச்சிடச் சுமார் 3508×4961 புள்ளிகள் வேண்டும். 6000×4000 புள்ளிகள் தரும் 24 மெகாபிக்சல் கேமரா அதற்குப் போதும். ஏ2 தாளுக்குப் போனால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 240 புள்ளிகளாகக் குறையும், சுவரில் மாட்டிப் பார்க்க அதுவும் தாங்கும். ஆனால் ஓரத்தை வெட்டியிருந்தால் மறுபடி கணக்கிடுங்கள். அச்சிடும் இடம் கேட்கும் வண்ணவெளியையும், அந்தத் தாளில் நிறங்கள் எப்படி வரும் என்பதைக் குறிக்கும் ஐசிசி கோப்பையும் முன்கூட்டியே வாங்கித் திரையில் சோதியுங்கள். பளபளப்பற்ற தாளில் கருமை சற்று வெளிறியே வரும்; நிழல் நிறைந்த காட்சியாக இருந்தால் இதை மனத்தில் வைத்துத் தாளைத் தேர்ந்தெடுங்கள். இங்க்ஜெட் அச்சைச் சட்டகத்துள் அடைப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் உலர விட வேண்டும்; அவசரப்பட்டால் கண்ணாடியின் உட்புறம் மங்கும்.

உரையில் சுட்டிய ஒவ்வொரு தாளெண்ணும் படவெண்ணும் இணைப்பில் உள்ளவற்றோடு பொருந்துகிறதா என்று வேறொருவரை வைத்துச் சரிபாருங்கள். இடையில் ஒரு படத்தை நீக்கியதால் எல்லா எண்களும் ஒன்று தள்ளிப்போன உரையை நான் ஒப்படைக்க இருந்தேன். கோப்புகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

கடைசியாக, மாதிரியைக் கலைக்கும் நாள். டெமாண்ட் படமெடுத்தவுடன் கலைக்கலாம். நாம் மதிப்பெண் வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய அச்சில் மட்டுமே கண்ணுக்குப் பட்ட ஓர் ஒட்டுநாடாவின் விளிம்பை நீக்க, கலைத்துவிட்ட மலைச்சரிவு ஒன்றை நான் மூன்று நாள் உட்கார்ந்து மீண்டும் கட்டினேன். இடம் போதாவிட்டால் மாதிரியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் எண்ணிட்டு, கேமராவின் முக்காலிக் கால்கள் நின்ற இடங்களைத் தரையில் நாடாவால் குறித்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.